துண்டு போட்ட இடம்

இருபத்தெட்டு வருடம் தொண்டையை வைத்துச் சோறு தின்றவன் நான். குன்னூரில் கிளம்பி ஊட்டி, பைக்காரா, கூடலூர் வழியாகச் சேரங்கோடு போய்ச் சேரும் பஸ்ஸில் கண்டக்டர். பின்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் டிரைவர் பிரேக் போடுவார், தூங்குகிறவன் எழுந்துகொள்வான், டிக்கெட் எடுக்காதவனுக்கு வயிற்றைக் கலக்கும். அப்பேர்ப்பட்டவனை ஜப்பானுக்கு வரவழைத்து, ஏர்போர்ட் வாசலில் என் மகள் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, மெதுவாப் பேசுங்க." இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளையிடம், நல்லாயிருக்கியா சாமி என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில். எனக்கு எரிச்சல் அந்த வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நர்சிங் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு வகுப்பில் சேர்ந்து அந்த பாஷையைப் படித்து, மூன்றே வருடம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மூன்று நாலாகி, நாலு ஐந்தாகிவிட்டது. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாள். வற்புறுத்தினால் சிக்னல் சரியில்லை என்பாள். சிக்னல் சரியில்லாதது குன்னூரில்தான், ஜப்பானில் என்ன கேடு என்று கேட்டால் அதற்கும் சிரிப்பாள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி வந்துவிட்டது. மலையில் வீடு கட்டப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். சரிவு எவ்வளவு, மண் எப்படி, பக்கத்தில் மரம் இருக்கிறதா, காடு எவ்வளவு தூரம் என்று ஆயிரம் கேள்வி. நான்கு வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன். என் பஸ்ஸில் ஏறி இறங்கின ஜனங்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசியில் சீல் குத்தின பிளான் பேப்பர் கைக்கு வந்தது. மழைக்கு முன்னால் வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பதா வேண்டாமா என்பது என் மகள் சொல்லப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது.

என் வீட்டுக்காரி இதைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள். முழங்கால் வலி என்று அவள் வரவில்லை. "ஏனுங்க, நேர்ல கேட்டுட்டு வந்துருங்க. வாறாள்னா கட்டலாம். வரலீன்னா நம்ம ரெண்டு பேருக்குக் கீழ இருக்கறதே போதும்" என்றாள். இதைவிட நேராக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது அவ்வளவு லேசாக இல்லை. நான் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஐந்து வயதில் கப்பலேறி வந்து வளர்ந்தது சேரங்கோட்டில் இன்னொரு லயத்தில். வரிசையாகப் பத்து அறை இருக்கும், அதில் ஒன்று நமக்கு, அதுவும் வேலை இருக்கிற வரைக்கும்தான். குன்னூரில் இரண்டரை சென்ட் வாங்கி நான் கட்டின வீடுதான் எங்கள் வம்சத்தில் சொந்தமென்று சொல்லிக்கொள்ள முதல் வீடு. அதன் மேல் மாடி என்று ஒன்று எழும்பினால் அது என் மகளுக்குத்தான். வேறு எதற்காக அந்த நாலு வருடம் நடந்தேன்?

பிளானை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மஞ்சள் பையில் வைத்து எடுத்துப் போனேன். பதினெட்டு நாள் பயணம். பதினைந்து நாள் வரைக்கும் அந்தப் பையைத் திறக்கவில்லை.

ஏனென்றால் மகளைப் பிடிக்கவே முடியவில்லை. அவள் வீடு என்பது ஒரே அறை, எங்கள் பஸ்ஸில் பாதி நீளம் இருக்கும். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவாள். குளித்துவிட்டு, நான் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவும்போதே கண் சொருகிவிடும். எழுந்து நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை அது. அந்தக் கோலத்தில் நிற்கிற பிள்ளையிடம் நீ திரும்பி வருவியா மாட்டியா என்று எந்த அப்பன் கேட்பான்? நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிடுவேன். மறுநாளும் அதே கதைதான்.

பகலெல்லாம் நான் தனி. பேச ஆளில்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மட்டும் பேசும், ஒரு பெண் குரலில், ரொம்ப மரியாதையாக. ஒன்பதாம் நாள் நான் அதற்கு "சரிங்க" என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. தெருவில் மெஷினில் காசு போட்டால் சூடான பாட்டிலில் டீ வந்து விழும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, வெந்த இலையின் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று வேறு மகளிடம் சொல்ல வேண்டும்.

குப்பை தனிக் கொடுமை. திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வெள்ளி ஒன்று என்று வகைவகையாக நாள் வைத்திருக்கிறார்கள். நான் சமையல் கழிவைத் தப்பான நாளில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் தெருமுனையில் எல்லாப் பையும் போய்விட்டது, என் பை மட்டும் நிற்கிறது, மேலே ஒரு ஸ்டிக்கருடன். பெயர் எழுதவில்லை. ஆனால் புளிச் சக்கையும் கறிவேப்பிலையும் போடுகிற வீடு அந்தத் தெருவில் எது என்று எல்லாருக்கும் தெரியும். மகள் வேலை முடிந்து வந்து அதைத் தூக்கிவந்து, தரையில் உட்கார்ந்து பிரித்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

குன்னூரிலிருந்து தினமும் வீட்டுக்காரியின் வாய்ஸ் மெசேஜ் வரும். கேட்டாச்சா? இல்லை. அடுத்த நாள், கேட்டாச்சா? அவளுக்கென்ன, வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பாள்.

பதினாறாம் நாள் மகளுக்கு லீவு கிடைத்தது. அதற்கு மறுநாள் அவளுக்கு வேலை, அதற்கும் மறுநாள் எனக்கு விமானம். ஆக, என் கேள்விக்கு இருந்தது இந்த ஒரே நாள்தான். வீட்டிலேயே இருந்து பேசலாம் என்று நினைத்தால், அவள் எனக்காக ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். மலை மேலே ஒரு ஏரியாம், அதில் படகாம். தினம் இரண்டு தடவை பைக்காரா ஏரியைத் தாண்டிப் போனவனுக்கு ஏரி காட்டப் போகிறாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். புளிச்சோறு கட்டிக்கொண்டு, மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பினேன்.

7.42க்கு ரயில். 7.42 என்றால் 7.42தான். உட்கார்ந்ததும், சரி, இரண்டு மணி நேரப் பயணம், இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றேன். பெட்டி முழுக்க ஜனம், ஆனால் ஒரு சத்தமில்லை. எதிரே தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மகள் விரலை உதட்டில் வைத்தாள். ரயிலில் இங்கே யாரும் பேசமாட்டார்கள், போன் வந்தால்கூட எடுக்கமாட்டார்கள் என்று என் காதுக்குள் சொன்னாள். ஆளில்லாத பெட்டியாக இருந்தால் மெதுவாகப் பேசலாமாம். நானும் மெதுவாகப் பேசிப் பார்த்தேன். என்னுடைய மெதுவுக்கே இரண்டு பேர் திரும்பினார்கள். இருபத்தெட்டு வருடத்துத் தொண்டை, ஒரு நாளில் எப்படிக் குறையும்? வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

இறங்கி அடுத்த ரயில் பிடிக்க நாலு நிமிடம். ஓடினோம். அதற்கப்புறம் மலையேறுகிற பஸ். அதில் கண்டக்டரே இல்லை. ஜனங்கள் தாங்களாகவே முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் காசைப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள், ஒருவர்கூட ஏமாற்றவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை ஒரு தகரப் பெட்டி செய்கிற வேலைதானா என்று இருந்தது.

படகில் ஒலிபெருக்கி விடாமல் பேசியது. மத்தியானம் ஏரிக்கரையில் நடந்துகொண்டே புளிச்சோற்றைத் திறக்கப் போனேன், நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது என்றாள். உட்காரலாம் என்றால் ஒரு பெஞ்சு காலியில்லை. ஒரு நூடுல்ஸ் கடை வாசலில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். உள்ளே போனால், சுவரைப் பார்த்து வரிசையாக ஸ்டூல், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. என் பிள்ளை எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது, முகம் தெரியவில்லை. மனுசன் மனுசனோடு பேசாமல் இருப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு பண்ணின ஊரை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவள் சந்தோசமாக இருந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வழி கேட்ட ஒரு கிழவிக்குக் கையை நீட்டி நீட்டி வழி சொன்னாள். வெளியூர்க்காரி போலவே இல்லை. அதைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும் என்ற அவசரம் அப்போதுதான் எனக்குக் கூடிப்போனது.

சாயங்காலம் மலையடிவார ஸ்டேஷனுக்கு இறங்கி வந்தோம். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கிறது, கிளம்ப இன்னும் பதினெட்டு நிமிடம். மகள் கடைக்குப் போனாள். லீவில் எங்காவது போய்வந்தால் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஊர்த் தின்பண்டம் வாங்கிப் போக வேண்டுமாம், அது அங்கே வழக்கம். அவள் லீவு அவள் உரிமை, அதற்கு எதற்குப் பலகாரம் கொடுத்துச் சமாதானம் பண்ண வேண்டும்? கேட்டேன். வழக்கம்ப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன். காலியாக இருந்தது. கோடியில், எதிரும் புதிருமாக நாலு பேர் உட்காருகிற ஒரு மூலை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் ஜன்னல். இதைவிட நல்ல இடம் கிடைக்காது, இங்கே உட்கார்ந்து பிளானை மடியில் விரித்துக் காட்டி, ஒரு வழியாகக் கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். ஆனால் நிமிடம் ஓடுகிறது, பிளாட்பாரத்தில் ஜனம் சேருகிறது, மகளைக் காணோம். எந்தப் பெட்டி என்று அவளுக்குத் தெரியாது. போய்க் கூட்டி வர வேண்டும். சீட்டையும் விடக் கூடாது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சட்டம் உண்டு, எழுதி வைக்காத சட்டம். கூடலூர் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழும், குடை விழும், கொழுந்துக் கூடை விழும், ஒருமுறை கால் கட்டின கோழிகூட விழுந்தது. விழுந்ததென்றால் அந்த சீட் அவர்களுடையது. அதன் சொந்தக்காரர் டீ குடித்துவிட்டு ஆடி அசைந்து வந்தாலும் சீட் அப்படியே இருக்கும். ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர், தோட்டத்து அம்மா ஒருத்தி போட்டிருந்த துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருங்க என்றேன். நான் யார் தெரியுமா என்றார். யாராக இருந்தாலும் துண்டு போட்டவங்களுக்குத்தான் சீட் என்றேன். உன்னை டிரான்ஸ்ஃபர் பண்ணிவிடுவேன் என்றார். பண்ணுங்க என்று சொல்லிவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. என் சர்வீஸில் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயங்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு சீட்டில் மப்ளரைப் போட்டேன், எதிர் சீட்டில் மஞ்சள் பையை வைத்தேன், இறங்கி மகளைத் தேடிப் போனேன்.

கடையில் அவள் நின்றுகொண்டு பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். இது அந்த அக்காவுக்கு, இது மேனேஜருக்கு, இது இல்லத்துப் பாட்டிகளுக்கு மெல்ல முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு வந்தேன். பெட்டியில் ஏறினால் எங்கள் மூலையில் ஒரு ஆபீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு அம்மாள். மப்ளரும் இல்லை, பையும் இல்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஏனுங்க, துண்டு போட்டிருந்தது கண்ணுக்குத் தெரியலையா, பை எங்கே என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், பின்படியிலிருந்து கேட்கிற குரலில்தான் கேட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மகளின் முகம் சிவந்து போயிற்று. அவரிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள், நான் செய்யாத தப்புக்கு. அவரும் அவளைக் குனிந்து கும்பிட்டார். பிறகு அவள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அதே நிமிடம் கதவு மூடிக்கொண்டது, ரயில் போய்விட்டது.

பையை யாரும் திருடவில்லை என்று மகள் விசாரித்துச் சொன்னாள். திருடியிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவம், என்று நினைத்து ஒரு நல்ல மனுசர் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன் ஆளிடம் கொடுத்துவிட்டார். சீட்டில் சாமான் போட்டுவிட்டு ஒருவன் இறங்கிப் போவான் என்பது அவர்கள் புத்திக்கே எட்டாது போல. நான் இறங்கி ஏறினது ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடத்துக்குள் என் சீட்டைத் தொலைந்த பொருள் ஆக்கிவிட்டார்கள்.

அதற்கென்று ஸ்டேஷனின் அந்தக் கோடியில் ஓர் அறை இருந்தது. நடந்து போகும்போது பையில் என்னப்பா இருந்தது என்று கேட்டாள். புளிச்சோறு டப்பா, தண்ணி பாட்டில், பிரஷர் மாத்திரை, ஒரு பேப்பர் என்றேன். என்ன பேப்பர் என்றாள். ஊட்டுப் பேப்பர் என்றேன். அவள் அடுத்த ரயில் எப்போது என்று போனைப் பார்த்தாள். அந்த நடையிலேயே நான் கேட்டிருக்கலாம். அவள் கோபமாக இருக்கிறாளோ என்று பயந்துகொண்டு பேசாமல் நடந்தேன். பதினாறு நாளில் என் பிள்ளைக்கே பயப்படுகிறவனாகிவிட்டேன்.

அறையில் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், என் வயது இருக்கும். வெள்ளைக் கையுறை. எங்களைப் பார்த்ததும் எழுந்து குனிந்தார். மஞ்சள் பை அவர் முன்னாலேயே இருந்தது, மப்ளர் அதன் மேல் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் என் பை என்று கையை நீட்டினேன். முடியாதாம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளையும் நாங்கள் சொல்ல வேண்டுமாம், அவர் எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் தருவாராம். மகள் சொன்னாள், அவர் எடுத்து வைத்தார். டப்பா. பாட்டில். மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கடைசியில் பிளாஸ்டிக் கவரை எடுத்தார். இது என்ன என்று அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"பிரிக்கச் சொல்லு" என்றேன்.

இப்படியா நான் அதை அவளுக்குக் காட்ட நினைத்தேன்? ரயில் மூலையில் மடியில் விரித்து, இங்கே உன் ஜன்னல், இங்கே உன் அடுப்பு என்று விரல் வைத்துக் காட்டுவதாகத்தான் நான்கு வருடமாக மனசில் வைத்திருந்தேன். அந்த மனிதர் இரண்டு கையாலும் மடிப்பு மடிப்பாகப் பிரித்து மேஜை முழுக்க விரித்தார். சீல் குத்தின ஆபீஸில்கூட அந்தப் பேப்பரை இவ்வளவு மரியாதையாகத் தொட்டவர் யாருமில்லை. மகள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கீழ்த் தளத்தை அவளுக்குத் தெரியும், அவள் ஓடி விளையாடின வீடு. பிறகு கண் மேலே போனது.

மாடியில் பெரிய அறைக்கு நடுவில் இன்ஜினியர் இங்கிலீஷில் 'டாட்டர்ஸ் ரூம்' என்று எழுதியிருந்தார். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். பெரியவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருக்கிறது. பேனாவை அந்த எழுத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு முகம் மலர்ந்து, அதே பேனாவை மகள் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். நல்ல மனிதர், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

மகள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள், நீளமாக இல்லை, ஒரு வரிதான். அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.

"என்ன கேட்டாரு?" என்றேன்.

"மாடி ரூம் உங்களுதுங்களான்னு என்னையக் கேட்டாருங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

அவள் பிளானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாடகைக்கு விடறதுக்குன்னு சொல்லிட்டேன்."

நான் கடல் தாண்டி வந்து, பதினாறு நாள் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்த கேள்வி அது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் கையுறை போட்டுக்கொண்டு அரை நிமிடத்தில் கேட்டு, பதிலும் வாங்கிவிட்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் மேல்தான் வந்தது. அவள் முன்னமே முடிவு பண்ணின ஒன்றைக் கேட்க எனக்குத் தைரியமில்லாமல், சொல்ல அவளுக்குத் தைரியமில்லாமல், இரண்டு பேரும் இரண்டு வருடமாக சிக்னல் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம். அழுகை வந்தது. கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பிளானைப் பார்த்தேன். கோடுகள் கலங்கித் தெரிந்தன. கூடத்து மூலையில் இன்ஜினியர் படி படியாகப் போட்டிருந்த சின்னச் சின்னக் கோடுகளின் மேல் விரலை வைத்தேன். என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்.

"வாடகைக்குன்னா படிக்கட்டு வெளியில இருக்கோணும் கண்ணு. நான் ஊட்டுக்குள்ளாற வெச்சிருக்கறேன்."

பெரியவர் பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பைக்குள் வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.